பேனா கேமரா முதல் துப்பறியும் ஏஜென்சி வரை: விவாகரத்து வழக்கில் எது நிற்கிறது?

சென்னை ரிச்சி தெருவில் பேனா கேமரா, ஆன்லைனில் சார்ஜர் கேமரா, 'நூறு சதவீதம் ரகசியம்' என்று விளம்பரம் போடும் துப்பறியும் ஏஜென்சி, இதெல்லாம் போகக் கைப்பேசியிலேயே இருக்கும் இலவச ரெக்கார்டர். துணைக்கு வேறு உறவு இருக்கிறது என்று நிரூபிக்கக் கிளம்புகிறவர் முன்னால் இத்தனை கடை விரிந்து கிடக்கிறது. படம் எவ்வளவு தெளிவு, பேட்டரி எத்தனை மணி நேரம், எங்கே ஒளித்து வைக்கலாம் என்பதெல்லாம் இந்த மதிப்பீட்டில் வராது. எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தால் இது தாங்குமா என்பது மட்டும்தான் அளவுகோல்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தச் சந்தையில் விலை ஏற ஏற சாட்சியத்தின் பலம் இறங்குகிறது. நீங்களே ஒரு பக்கம் இருந்து பேசிய பேச்சின் பதிவு, காசு செலவில்லாதது, நீங்களாகத் திரட்டும் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது. நீங்கள் இல்லாத இடத்தில் பிடிக்கப்பட்டது பெரும்பாலும் சிறை வரை இழுக்கக்கூடிய கேள்விகளோடுதான் வருகிறது.

இப்போது எல்லா விற்பனையாளரும் வாயைத் திறந்தால் சொல்வது 2025 ஜூலை 14 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை. பஞ்சாபின் பட்டிண்டா குடும்ப நீதிமன்றத்தில் 2017-இல் தொடங்கிய வழக்கு அது. மனைவியோடு தான் பேசியதைக் கணவர் பல ஆண்டுகளாகப் பதிவு செய்து, மெமரி கார்டு, சிடி, எழுத்துப்படி என்று தாக்கல் செய்தார். குடும்ப நீதிமன்றம் 2020 ஜனவரியில் அதை ஏற்றது. பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் 2021 நவம்பரில், அந்தரங்க உரிமை மீறப்பட்டது என்று தள்ளிவிட்டது. நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, சதீஷ் சந்திர சர்மா அமர்வு உயர் நீதிமன்ற உத்தரவை ரத்து செய்து, பதிவை எடுத்துக்கொள்ளலாம் என்றது. தம்பதிக்குள் பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்ற பழைய சாட்சியச் சட்டத்தின் 122-ஆம் பிரிவிலேயே (இன்றைய பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 128), இருவரும் ஒருவர்மேல் ஒருவர் தொடுக்கும் வழக்குக்கு விலக்கு இருக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் வேவு பார்க்கிற நிலைக்கு வந்துவிட்டால் உறவு ஏற்கெனவே உடைந்துவிட்டது என்பதற்கு அதுவே அறிகுறி என்றும் நீதிமன்றம் கருதியது.

இந்தத் தீர்ப்பைக் காட்டி விற்பவர்கள் விட்டுவிடும் பகுதி மூன்று. அது கணவனும் மனைவியும் நேராகப் பேசிக்கொண்ட பேச்சைப் பற்றியது. மனைவி மூன்றாம் நபரோடு பேசியதை ஒட்டுக்கேட்டதைப் பற்றியது அல்ல. வழக்கு கொடுமை என்ற காரணத்தில் நடந்தது. மேலும், பதிவை 'எடுத்துக்கொள்ளலாம்' என்றுதான் தீர்ப்பு சொன்னது, அதில் இருப்பது உண்மை என்று சொல்லவில்லை. திருட்டுத்தனமாக எடுத்த ஆதாரத்தை நீதிமன்றம் பார்க்கும். எடுத்த குற்றத்துக்கு எடுத்தவர் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டும் வேறு வேறு கணக்கு.

இனி ஒவ்வொன்றாக.

கைப்பேசி அழைப்புப் பதிவு. 5-க்கு 4½. இதில் பெரிய தடை, கருவி 'ரகசியமாக' இருக்குமா என்பதுதான். இந்தியாவில் விற்கும் சாம்சங் கைப்பேசிகள் பலவற்றில் அழைப்புத் திரையிலேயே பதிவு வசதி இருக்கிறது, அறிவிப்புக் குரல் வராது. கூகுள் போன் செயலி இருக்கும் கைப்பேசிகளில் பொத்தானை அழுத்தியதும் 'பதிவு செய்யப்படுகிறது' என்று இரு பக்கமும் கேட்கும். ஐபோனில் ஐஓஎஸ் 18.1 முதல் பதிவு வசதி உண்டு, அங்கும் அறிவிப்பு வரும். பிளே ஸ்டோரில் இருந்த மூன்றாம் நபர் ரெக்கார்டர் செயலிகளை, 2022 மே 11 முதல் அக்சஸிபிலிட்டி (மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி) வழியைக் கூகுள் அடைத்தபோதே பெரும்பாலும் முடக்கிவிட்டது. இன்று 'எந்த போனிலும் வேலை செய்யும்' என்று பிளே ஸ்டோருக்கு வெளியே ஏபிகே (செயலி நிறுவும்) கோப்பாக வருபவற்றை இறக்கவே வேண்டாம். உங்கள் பதிவு வேறு யாருடைய சர்வருக்குப் போகிறது என்று தெரியாது. வாட்ஸாப் அழைப்பைச் சாதாரண டயலர் பதிவு செய்யாது. பேச்சு நடக்கும்போது ஸ்பீக்கரில் போட்டு இன்னொரு கருவியால் பதிவதே நடைமுறை.

அரை மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம் கோப்பு எங்கே தங்குகிறது என்பது. சாம்சங்கில் கோப்பு எம்4ஏ வடிவில், பேர், தேதி, நேரத்தோடு 'கால்' என்ற ஃபோல்டரில் சாதாரணமாகக் கிடைக்கும். கூகுள் போன் செயலி தன் பதிவுகளைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், அமைப்பில் தானாக அழிக்கும் தெரிவு ஒன்று உண்டு. அதை 'ஒருபோதும் வேண்டாம்' என்று வைக்காவிட்டால் மாதக் கணக்கில் சேர்த்தது மறைந்துபோகும். வாய்தா வாய்தாவாக இழுக்கும் வழக்கில், சாட்சியம் சொல்லும் நாளில் மூலக் கோப்பு இருக்கும் கைப்பேசியே உங்களிடம் இருக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புது போன் வாங்கியவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

தனி ஒலிப்பதிவுக் கருவி. 5-க்கு 4. சோனி ஐசிடி-பிஎக்ஸ்470 போன்றது போதும்: 4 ஜிபி நினைவகம், மைக்ரோ எஸ்டி இடம், இரண்டு சிறிய ஏஏஏ பேட்டரி, கணினியில் நேராகச் செருகும் யுஎஸ்பி. நேருக்கு நேர் உட்கார்ந்து பேசும் பேச்சுக்கு இதன் தெளிவு பெரும்பாலான கைப்பேசிகளை விட நன்றாக இருக்கும். எம்பி3-இல் 192 கேபிபிஎஸ் என்றால் ஒரு மணி நேரம் சுமார் 86 எம்பி. சுருக்காத பிசிஎம் என்றால் அதே ஒரு மணி நேரம் 635 எம்பி, ஆக 4 ஜிபி ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் நிறைந்துவிடும். எம்பி3 போதுமானது.

இரண்டு அமைப்புகளை வாங்கிய அன்றே சரிபார்க்க வேண்டும். முதலாவது, குரல் கேட்டால் மட்டும் பதியும் வசதி. பேட்டரி மிச்சம் ஆகும் என்று பலரும் அதைப் போட்டு வைக்கிறார்கள். மௌன இடைவெளிகள் எல்லாம் வெட்டுப்பட்டு, பேச்சு ஒட்டுப்போட்டது போலக் கேட்கும். 'எடிட் செய்தது' என்று எதிர்த்தரப்பு சொல்ல அது ஒன்றே போதும். அணைத்துவிடுங்கள். இரண்டாவது, கடிகாரம். பேட்டரி மாற்றிய பின் தேதி தவறிப்போனால், நடந்த நாளுக்கும் கோப்பின் நாளுக்கும் பொருந்தாது. இரைச்சல் குறைக்கும் மென்பொருளை மூலக் கோப்பின் மேல் ஓட்டக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்தது. தெளிவாகக் கேட்க ஒரு நகல் எடுத்து அதில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

பதிவின் உள்ளடக்கம் பற்றி ஒரு எச்சரிக்கை, எந்த விற்பனையாளரும் இதைச் சொல்வதில்லை. இந்து திருமணச் சட்டம் 23-ஆம் பிரிவு, பிறழ்வை, அதாவது துணை வேறொருவரோடு வைத்த உறவை, நீங்கள் மன்னித்து ஏற்றுக்கொண்டிருந்தால் அதைக் காரணமாகக் காட்ட முடியாது என்கிறது. ஒப்புதல் வாங்கும் அவசரத்தில் 'சரி, நடந்தது நடந்து போச்சு, மறந்துடுறேன், உண்மையைச் சொல்லு' என்று நீங்கள் சொன்னால், அந்த வாக்கியமும் அதே கோப்பில்தான் இருக்கிறது. எழுத்துப்படியில் அந்த வரியை விட முடியாது. நீங்கள் திட்டியது, மிரட்டியது, குழந்தையை இழுத்தது எல்லாம் உங்களுக்கு எதிரான கொடுமைச் சாட்சியமாகத் திரும்பும். நீளமான பதிவில் பாதி நேரம் மனுதாரர் கத்துவதுதான் கேட்கும். குழந்தையின் பையில் கருவியை வைத்து அனுப்புவது, குழந்தையையே பதிவு செய்யச் சொல்வது ஆகியவை காவல் உரிமை வழக்கில் அனுப்பியவரைத்தான் சாய்க்கும்.

பேனா, சார்ஜர், சாவிக்கொத்து கேமரா. 5-க்கு 1. பெட்டியில் அச்சிட்ட தீர்மானத்துக்கும் உள்ளே இருக்கும் சென்சாருக்கும் தொடர்பே இல்லாதவை அதிகம். மலிவான வகைகளில் தேதியை ஒரு டெக்ஸ்ட் கோப்பின் வழியாகத்தான் அமைக்க வேண்டும். அமைக்காவிட்டால், அல்லது சார்ஜ் தீர்ந்தால், படத்தின் மூலையில் பல ஆண்டு முந்தைய தேதி பதிந்துவிடும். அதை அழிக்கவும் முடியாது, விளக்கவும் முடியாது. சுழற்சிப் பதிவு என்ற வசதி, கார்டு நிறைந்ததும் பழைய துண்டுகளின் மேலேயே எழுதும். கோப்புகள் சில நிமிடத் துண்டுகளாக வெட்டுப்பட்டு வரும், நடுவே ஒரு துண்டு காணாமல் போனால் அது ஏன் இல்லை என்று நீங்கள்தான் கூண்டில் நின்று சொல்ல வேண்டும்.

படுக்கையறையில் ஒளித்து வைப்பது என்றால் 1 கூட இல்லை, பூஜ்யம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. பெண்ணை அந்தரங்கச் சூழலில் படம் பிடித்தால் பாரதிய நியாய சன்ஹிதா 77-இல் முதல் முறையே ஓராண்டு குறையாத சிறை. மனைவியோடு இருக்கும் இன்னொரு நபரும் அந்தப் படத்தில் இருக்கிறார், அவரும் புகார் கொடுக்கலாம். அந்தக் காட்சியைச் சொந்தக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் போட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவும் சேரும், ஐந்து ஆண்டு வரை. 'இதைக் காட்டினால் பரஸ்பர சம்மதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவார்' என்று நினைப்பவர்களும் உண்டு. அதற்குப் பேர் மிரட்டிப் பறித்தல்.

துணையின் கைப்பேசியில் ஒற்றுச் செயலி நிறுவுவது, சிம் போட்ட ஒட்டுக்கேட்கும் பெட்டி, வாட்ஸாப் வெப்-ஐ ரகசியமாகத் திறந்து வைப்பது: மதிப்பெண் இல்லை, பரிந்துரையும் இல்லை. அனுமதியில்லாமல் இன்னொருவர் கருவிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகளின் கீழ் மூன்று ஆண்டு வரை சிறைக்கான குற்றம். தொலைத்தொடர்புச் சட்டம் 2023-இன் 42-ஆம் பிரிவு, சட்டவிரோத ஒட்டுக்கேட்புக்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டை ஒரு ஆண் கண்காணிப்பது பின்தொடர்தல் குற்றத்திலும் வரும். போனைப் பிடுங்கிப் பார்த்து ஸ்க்ரீன்ஷாட் எடுப்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம், ஆனால் அந்த ஸ்க்ரீன்ஷாட்டைத் தாக்கல் செய்யும்போது 'எப்படிக் கிடைத்தது' என்ற முதல் கேள்விக்கே பதில் தடுமாறும்.

துப்பறியும் ஏஜென்சி. 5-க்கு 2, நல்லது அமைந்தால் 3. இந்தத் தொழிலை முறைப்படுத்தத் தனிச் சட்டம் நாட்டில் இல்லை. 'அரசு உரிமம் பெற்றது' என்ற வரியை விளம்பரத்தில் பார்த்தால், அது பெரும்பாலும் காவலாளி நிறுவனங்களுக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்ட உரிமமாகவோ வெறும் ஜிஎஸ்டி பதிவாகவோ இருக்கும். அவர்களிடம் வாங்கத்தக்கது ஒன்றே ஒன்று: பொது இடத்தில், யாரும் பார்க்கக்கூடிய இடத்தில், தேதியோடு எடுத்த புகைப்படங்களும் நேரக் குறிப்புகளும். இருவரும் ஒரு விடுதிக்குள் போனது, மறுநாள் காலை வெளியே வந்தது. பிறழ்வுக்கு நேரடிச் சாட்சி கிடைப்பது அரிது என்று நீதிமன்றங்களுக்குத் தெரியும். வாய்ப்பும் இருந்தது, நாட்டமும் இருந்தது என்று சூழ்நிலையால் காட்டினால் போதும். சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிப்பதெல்லாம் கிரிமினல் வழக்குக்கு. இங்கே எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதே தராசு.

பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: படம் எடுத்த ஆள் யார், அவரே கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்வாரா, அவர் வேலையை விட்டுப் போனால் என்ன ஏற்பாடு, கேமராவின் மூல மெமரி கார்டைத் தருவார்களா. பிடிஎஃப் அறிக்கையை மட்டும் கொடுத்துவிட்டு 'எங்கள் ஆட்கள் கோர்ட்டுக்கு வரமாட்டார்கள்' என்று சொல்லும் ஏஜென்சிக்குக் கொடுக்கும் பணம் வீண். எடுத்தவர் கூண்டேறாத அறிக்கை வெறும் காகிதம். கூண்டேறினாலும் 'காசு வாங்கிக்கொண்டு சொல்கிறவர்' என்ற அடி விழும், அதனால் ஒரு அறிமுகமில்லாத சாட்சி, உதாரணமாக விடுதி வரவேற்பாளர், பத்து துப்பறிவாளர்களுக்குச் சமம்.

'நம்பர் கொடுங்கள், அழைப்பு விவரம் எடுத்துத் தருகிறோம்' என்று சொன்னால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். சிடிஆர் எனப்படும் அழைப்பு விவரப் பட்டியலைச் சட்டவிரோதமாக வாங்கி விற்ற வழக்கில் 2018-இல் மகாராஷ்டிராவின் தானே நகரப் போலீஸ் துப்பறிவாளர்களையே கைது செய்தது. கொடுத்தவர் போலவே கேட்டு வாங்கியவரும் விசாரிக்கப்படுவார். தமிழ்நாட்டில் இதற்கு நேரான எடுத்துக்காட்டு, சென்னை உயர் நீதிமன்ற மதுரை அமர்வின் 2024 அக்டோபர் 30 உத்தரவு. மனைவியின் அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் எடுத்த கணவர், மின்னணு ஆதாரத்தோடு சட்டப்படி தர வேண்டிய சான்றிதழிலும் தானே கையெழுத்துப் போட்டு நீட்டினார். நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், மனைவிக்கு அந்தரங்கம் உண்டு என்று அதை நிராகரித்தார். 2025 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் அந்தரங்கம் பற்றிய பகுதியை வாதாடலாம். சான்றிதழைத் தானே போட்டுக்கொண்ட கோளாறு அப்படியே நிற்கிறது.

அந்தச் சான்றிதழ்தான் இந்தச் சந்தையில் அதிகம் அலட்சியப்படுத்தப்படும் சரக்கு. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு இருந்த இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு. சான்றிதழ் இல்லாமல் நகலை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020-லேயே உறுதி செய்துவிட்டது. புதிய படிவத்தில் இரண்டு பகுதி. ஏ பகுதியைக் கருவியை வைத்திருப்பவர் நிரப்ப வேண்டும்: கருவி வகை, மாடல், நிறம், வரிசை எண், ஐஎம்இஐ (கைப்பேசியின் அடையாள எண்), கோப்பின் ஹாஷ் மதிப்பு (அடுத்த பத்தியில் விளக்கம்), எந்த முறையில் கணக்கிட்டது. பி பகுதி நிபுணருக்கு. கணவருக்கோ மனைவிக்கோ தெரிந்த கணினிக் கடைக்காரர் நிபுணர் ஆகமாட்டார்; தகுதியும் அனுபவமும் காட்டக்கூடிய, கூண்டேறிப் பதில் சொல்லக்கூடிய தடயவியல் ஆளாக இருக்க வேண்டும். தனியார் ஆய்வகங்கள் இந்தச் சேவையைத் தருகின்றன. நல்ல ஆய்வகத்துக்கு அடையாளம்: கைப்பேசியைப் பெறும்போதே முத்திரை போட்டு, ஒப்புகைச் சீட்டில் ஐஎம்இஐ எழுதிக் கொடுப்பார்கள், ஹாஷ் அறிக்கையைத் தனித்தாளில் இணைப்பார்கள். 'கோப்பை வாட்ஸாப்பில் அனுப்புங்கள், சான்றிதழ் அனுப்புகிறோம்' என்பவர்களைத் தவிர்க்கவும். 5-க்கு 5 கொடுக்கத் தகுந்த செலவு இந்த மதிப்பீட்டில் இது ஒன்றுதான், ஆள் சரியாக அமைந்தால்.

ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை. ஷா-256 முறையில் 64 எழுத்து நீளம். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் முழுதும் மாறிவிடும். விண்டோஸில் 'சர்ட்யூட்டில்' கட்டளையிலேயே இதைப் பார்க்கலாம். பதிவு செய்த அன்று இரவே கேபிள் வழியாகக் கணினிக்கு நகலெடுத்து, ஹாஷைக் குறித்து, அந்த எண்ணை வக்கீலுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டால் அந்தத் தேதியில் கோப்பு இப்படித்தான் இருந்தது என்பதற்கு வெளிச்சாட்சி கிடைக்கிறது. கோப்பை வாட்ஸாப்பில் வீடியோவாகவோ படமாகவோ அனுப்பினால் அது சுருக்கி வேறு கோப்பாக்கிவிடும். பேரும் தேதியும் போய், ஹாஷ் பொருந்தாது. வழக்குகளில் விழும் பதிவுகள் பல விழுவது இந்த ஒரு தவறால்தான்.

எழுத்துப்படிக்கு அட்டவணையாக மூன்று நெடுவரிசை போதும்: நிமிடம்-விநாடி, பேசியவர், பேசியது. பேச்சுவழக்கைத் திருத்தாமல், கெட்ட வார்த்தையை விடாமல், கேட்காத இடத்தில் 'தெளிவில்லை' என்றே எழுத வேண்டும். எதிர்த்தரப்பு 'இது என் குரல் இல்லை' என்பார், அது வழக்கம். பேச்சில் அவருக்கு மட்டுமே தெரிந்த விவரங்கள், அழைப்புப் பட்டியலில் அதே நேரத்தில் அதே நிமிடங்கள், பிறகு தேவைப்பட்டால் குரல் ஒப்பீடு. குரல் அடையாளம், பொருத்தம், கைவைக்கப்படவில்லை என்ற உறுதி: 1972-இல் மால்கானி வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட இந்த மூன்று சோதனைகள் இன்றும் மாறவில்லை. குடும்ப நீதிமன்றச் சட்டம் 14-ஆம் பிரிவு சாட்சிய விதிகளைத் தளர்த்துகிறதே என்று சான்றிதழைத் தவிர்க்கச் சொல்லும் வக்கீல்களும் உண்டு. நீதிபதி ஏற்கலாம், மேல்முறையீட்டில் சந்தேகம் கிளம்பும். தவிர்க்க வேண்டாம்.

சமரசக் கூடத்தில் பதிவு செய்வது பற்றியும் கேட்கிறார்கள். சமரசப் பேச்சு ரகசியமானது, அங்கே பதிவு செய்யக் கூடாது. கோர்ட் ஹாலுக்குள்ளும் கூடவே கூடாது.

கடைசியாக, விலையே இல்லாத சேவை: நீதிமன்றத்தின் சம்மன். விடுதிப் பதிவேடு, அங்கே கொடுத்த அடையாள அட்டை, சிசிடிவி, அழைப்புப் பட்டியல் ஆகியவற்றை நேராக அந்தந்த நிறுவனத்திடமிருந்து வரவழைக்கக் கோரி இடைக்கால மனு போடலாம். 2023 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம், பிறழ்வு வழக்கில் விடுதி ஆவணங்களையும் அழைப்பு விவரங்களையும் வரவழைக்கலாம் என்று ஏற்றது. அந்தரங்க உரிமை முழுமையானது அல்ல என்பது காரணம். எந்த விடுதி, எந்த நாள் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். 'மூன்று வருடத்து எல்லா அழைப்பும்' என்று வலை வீசினால் தள்ளுபடியாகும். இந்த வழியில் வரும் ஆவணத்துக்குச் சான்றிதழையும் அந்த நிறுவனமே தரும், எப்படிக் கிடைத்தது என்ற கேள்வியே எழாது. 5-க்கு 5. ஆனால் கால எல்லை உண்டு. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அழைப்பு விவரத்தைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது 2021 டிசம்பரில் கொண்டுவந்த விதி. விடுதியின் சிசிடிவி சில வாரங்களிலேயே மேலெழுதப்பட்டுவிடும். அதனால் விடுதியின் பேர் தெரிந்த அன்றே, மனு தயாராவதற்கு முன்பே, அந்த நாளின் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி வக்கீல் நோட்டீஸை விரைவுத் தபாலில் அனுப்பி, சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும்.